மலையிடம் பாடம் கேட்ட ஓவியர்: ஃபான் க்வான் குறித்த கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சீன நிலக்காட்சி ஓவியர் ஃபான் க்வானின் வாழ்க்கை வரலாறு ஏன் இவ்வளவு சுருக்கமாகக் கிடைக்கிறது?

பதில்: அவர் அரசுப் பதவி எதையும் நாடாதவர், அதிகாரிகளின் வாழ்க்கையைப் போல அவருடைய வாழ்க்கை ஏடுகளில் ஏறவில்லை. சீனாவை ஆண்ட வடசோங் அரச மரபின் தொடக்க காலத்தவர். இன்றைய ஷான்சி மாகாணத்தில் அடங்கும் ஹுவாயுவான் அவருடைய ஊர். 1023-க்கும் 1032-க்கும் இடைப்பட்ட தியன்ஷெங் ஆண்டுகளில் அவர் உயிருடன் இருந்ததாக அதே நூற்றாண்டின் கலை வரலாற்றாசிரியர் குவோ ருவோஷூ குறிப்பிடுகிறார். மதுவில் விருப்பமும் பெருந்தன்மையான குணமும் உடையவர் என்கின்றன பழைய குறிப்புகள். ‘க்வான்’ என்பதே அந்தக் குணத்துக்காக மக்கள் இட்ட பெயர்தான்.

கேள்வி: அவருடைய குரு யார்?

பதில்: முதலில், முந்தைய தலைமுறை நிலக்காட்சி ஓவியரான லி செங்கின் ஓவியங்களைப் பார்த்தே பயின்றார். பின்னர், மனிதரிடம் கற்பதைவிட இயற்கைப் பொருள்களிடம் கற்பதும், அவற்றிடம் கற்பதைவிடத் தன் மனத்திடம் கற்பதும் மேல் என்று கூறி, சோங்னான், ஹுவா மலைப் பகுதிகளுக்குச் சென்று தங்கினார். பழைய பாணியை வெறுத்து அவர் விலகியதாக நான் கருதவில்லை. லி செங்கின் ஓவியங்களிலிருந்து கிடைத்த பயிற்சி கையில் இருந்ததால்தான் மலையை நேரே பார்த்து அதை மையில் கொண்டுவர அவரால் முடிந்தது.

கேள்வி: அவருடைய ‘மலைகளுக்கும் ஓடைகளுக்கும் இடையே பயணிகள்’ ஓவியத்தை எப்படிப் பார்க்க வேண்டும்?

பதில்: கீழ்வலது பக்கத்திலிருந்து தொடங்குங்கள். பொதி சுமந்த நான்கு கோவேறு கழுதைகளை இருவர் ஓட்டிச் செல்கிறார்கள். இரண்டு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயரமும் ஒரு மீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் கொண்ட அந்தப் பட்டுச் சுருளில் அவர்கள் மிகச் சிறிய உருவங்கள். அங்கிருந்து கண்ணை மேலே கொண்டுபோனால், மரங்களுக்கிடையே கோயில் கூரைகள் தெரிகின்றன. அதன்பின் ஒரு மூடுபனிப் பட்டை குறுக்கிட்டு மலையின் அடிவாரத்தை மறைத்துவிடுகிறது. மலை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணிக்கக் கண்ணுக்குப் பிடிமானம் எதுவும் கிடைப்பதில்லை; அதனாலேயே, சுருளின் மூன்றில் இரண்டு பங்கை நிறைத்து நிற்கும் அந்தப் பாறை முகம் நம் மீது சாய்வதுபோலத் தோன்றுகிறது. வலப்புறப் பிளவில் இறங்கும் அருவி ஒரு வெள்ளை நூல் அளவே உள்ளது. அவர் காட்ட விரும்பிய உயரம் முழுவதும் இந்த அளவு வேறுபாட்டில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அவர் கையாண்ட ‘மழைத்துளித் தீற்றல்’ என்றால் என்ன?

பதில்: தூரிகை நுனியால் சிறுசிறு குத்துகளாக மையை இட்டு, பாறையின் சொரசொரப்பைக் காட்டும் முறை. முதலில் தடித்த, முறிந்து முறிந்து செல்லும் கோடுகளால் பாறையின் விளிம்பு வரையப்படுகிறது; அதற்குள் ஆயிரக்கணக்கான குத்துகள் நெருங்கியும் விலகியும் விழும்போது, மழையும் காற்றும் அரித்த வடசீனப் பாறை உருவாகிறது. உச்சியில் அடர்ந்த புதர்களும் அவருடைய கைவண்ணத்துக்கு அடையாளம். அவருடைய பிற்காலப் படங்களில் மை மிகுந்து, மண் எது பாறை எது என்று பிரித்தறிய முடியவில்லை என்று சோங் காலத்து ஓவியரும் விமர்சகருமான மி ஃபூ குறைகூறினார்.

கேள்வி: ‘பயணிகள்’ ஓவியம் அவருடையதுதான் என்பதற்கு ஆதாரம் உண்டா?

பதில்: உண்டு. 1958-இல், தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லி லின்ட்சான், கழுதைகளுக்குப் பின்னே இலைகளுக்கிடையில் மறைந்திருந்த ஃபான் க்வானின் கையொப்பத்தைக் கண்டறிந்தார். பிற்கால மிங் அரச மரபுக் காலத்து ஓவியரும் கலை விமர்சகருமான தோங் சிசாங் இது ஃபானின் படைப்பு என்று சுருளின் மேல் ஓரத்தில் முன்பே எழுதிவைத்திருந்தார்.

கேள்வி: வேறு படங்கள் எஞ்சியுள்ளனவா?

பதில்: 1120-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட சோங் பேரரசர் ஹுயிசோங்கின் அரண்மனைப் பட்டியலில் 58 படங்கள் அவர் பெயரில் இருந்தன. தியன்ஜின் அருங்காட்சியகத்தில் உள்ள பனிக்காட்டுக் காட்சி உட்பட அவர் பெயரைத் தாங்கும் சில படங்கள் இன்றும் உள்ளன. எனினும் அவருடைய நடையை அளக்க அறிஞர்கள் உரைகல்லாகக் கொள்வது தைபேயில் உள்ள ‘பயணிகள்’ சுருளையே.