சிங்கப்பூரிலிருந்து கொழும்புக்கு: வீட்டை எங்கே, எப்படிப் பார்ப்பது?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். சிங்கப்பூர் ஈசூனில் ஒரு சின்ன வீட்டுக்கு மாதம் 2,900 சிங்கப்பூர் வெள்ளி வாடகை கட்டிச் சேமிப்பே இல்லாமல் போகிறது, கம்பெனி கொழும்பு அலுவலகத்துக்கு மாற்றல் தருகிறது, சம்பளம் பாதியாகும் ஆனால் செலவு அதைவிடக் குறையும் என்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். கூடவே மனைவியும் நாலு வயதுப் பெண் குழந்தையும். கொழும்பின் வெள்ளவத்தையில் வீடு எடுக்கலாமா, இணையத்தில் படம் பார்த்துப் பிடித்த வீட்டுக்கு இப்போதே முன்பணம் அனுப்பிவிடலாமா, தமிழை மட்டும் வைத்துக்கொண்டு சமாளிக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். நானும் 2012இல் சிங்கப்பூரிலிருந்துதான் இங்கே வந்தேன், சொந்த ஊர் பாளையங்கோட்டை. இதுவரை மூன்று வீடு மாறியாகிவிட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணம் அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் பிறகு. இங்கே வாடகை வீட்டுக்கு ஆறு மாத வாடகை, பல இடங்களில் ஒரு வருட வாடகை, மொத்தமாக முன்னாலேயே கேட்பார்கள். அது போக, வீட்டை விடும்போது திருப்பித் தருவதாகச் சொல்லி ஒரு டெபாசிட்டும் இருக்கும். சிங்கப்பூரில் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று கொடுத்துப் பழகிய நமக்கு இது பெரிய தொகை, குடிபெயரும் மாதத்தில் இடுப்பை ஒடித்துவிடும். அந்த முற்பணம் மாதாமாதம் முழு வாடகையாகக் கழிகிறதா, பாதி கழிந்து மீதியை நாம் கையிலிருந்து கொடுக்க வேண்டுமா, இல்லை கடைசி மாதங்களில்தான் கழியுமா என்பதை வாய்ப் பேச்சில் விடாமல் எழுத்தில் வாங்குங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் இரண்டாவது வீடு வத்தளையில் ஒரு அனெக்ஸ். அனெக்ஸ் என்றால் உரிமையாளர் வீட்டோடு ஒட்டியோ மாடியிலோ தனி வாசல் வைத்த பகுதி, இங்கே அந்தச் சொல்லைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நல்ல மனிதர்களாகத்தான் தெரிந்தார்கள், ஒரு வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொண்டோம். இரண்டு வருடம் கழித்துக் காலி செய்தபோது பெயின்ட், குழாய், கதவுப் பிடி என்று ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்லி டெபாசிட்டில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தோம். அப்போதுதான் தெரிந்தது, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு (பத்திரம் எழுதிச் சான்று தருகிறவர்) முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதியிருக்க வேண்டும், 1840ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் அப்படித்தான் என்று. எங்கள் வெள்ளைத்தாளை நம்பி வழக்கு என்று இறங்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் நொத்தாரிசு கட்டணத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள். பத்திரம் சிங்களத்தில் இருந்தால் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதித் தரச் சொல்லுங்கள், அது நியாயமான கோரிக்கைதான். குடிபோகும் நாளில் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து அன்றே உரிமையாளருக்கும் அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது உங்கள் கணக்கு. வாடகையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரிதான். நாங்கள் இப்போது தெகிவளையில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு 85,000 ரூபாய் கொடுக்கிறோம், ஈசூன் வாடகையோடு அதை ஒப்பிடவே முடியாது. ஆனால் கொழும்பு மலிவு என்று ஒரே சொல்லில் நம்பி வராதீர்கள். மின்சாரக் கட்டணம் படிப்படியாக ஏறும், அலகு கூடக் கூட ஒவ்வொரு அலகின் விலையும் கூடும், இரண்டு அறையிலும் ஏசி ஓடினால் பில்லைப் பார்த்து முழிப்பீர்கள். கார் ஆசை இருந்தால் கொஞ்ச காலம் ஒத்திப்போடுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025இல்தான் மறுபடி தனியாருக்குத் திறந்துவிட்டார்கள், வரியும் கடுமை, பழைய காருக்கே அப்படி ஒரு விலை சொல்கிறார்கள். பிக்மீ என்ற செயலியில் கூப்பிடும் ஆட்டோவே போதும். சீஸ், ஓட்ஸ், பேபி டயப்பர் மாதிரி வெளியிலிருந்து வரும் சாமான் எல்லாம் விலை அதிகம். மரக்கறி, பழம், மீன், தேங்காய் வாங்கிச் சமைத்துச் சாப்பிடும் குடும்பத்துக்கு இந்த ஊர் நல்ல ஊர்.

எல்லாவற்றையும்விடப் பெரிய செலவு பிள்ளையின் படிப்பு. வெளிநாட்டுப் பிள்ளை என்பதால் நடைமுறையில் சர்வதேசப் பாடசாலைதான். தவணைக் கட்டணம் போகச் சேரும்போது ஒரு தடவை அனுமதிக் கட்டணம் கேட்பார்கள், அது திரும்பி வராத பணம். நாலு வயது என்றால் இன்னும் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது, ஆனாலும் பாடசாலையை முடிவு செய்த பிறகு வீட்டை முடிவு செய்யுங்கள், மாற்றிச் செய்யாதீர்கள். காலை ஏழு மணிக்கும் பிற்பகல் ஒன்றரைக்கும் காலி நகருக்குப் போகும் பெரிய சாலையான காலி வீதியில் ஸ்கூல் வேன்களுக்கு நடுவே ஒரு தடவை மாட்டினால் ஏன் சொல்கிறேன் என்று புரியும். சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் மாதிரி இங்கே எதுவும் இல்லை. ஜப்பான் கடனில் ஒரு லைட் ரயில் வருவதாக இருந்தது, 2020இல் அதையும் கைவிட்டுவிட்டார்கள். இருப்பது கடலோர ரயிலும் பஸ்ஸும்தான்.

வெள்ளவத்தையைப் பற்றிக் கேட்டீர்கள். கொழும்பு 6. நான் முதலில் இறங்கியது அங்கேதான், இன்றைக்கும் எனக்கு மனதுக்கு நெருக்கமான இடம். காலையில் இடியப்பமும் சொதியும் வாங்கலாம், மருந்துக் கடையில் தமிழ், தையல் கடையில் தமிழ், ராமகிருஷ்ண மிஷன் இருக்கிறது, 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கம் 57ஆம் ஒழுங்கையில் (ஒழுங்கை என்றால் சந்து) இருக்கிறது, அதன் நூலகத்துக்கு என் மகனைச் சனிக்கிழமைதோறும் கூட்டிப் போவேன். வீட்டில் சிங்களமும் ஆங்கிலமும் கலந்து பேச ஆரம்பித்த பிள்ளை தமிழ் வாசிக்கக் கற்றது அங்கேதான். உங்கள் மனைவி பகலில் தனியாக இருக்கப் போகிறார் என்றால், முதல் வருடம் வெள்ளவத்தையோ அதன் பக்கமோ இருப்பது பெரிய உதவி. ஆனால் தமிழர்கள் அத்தனை பேரும் கேட்கும் இடம் என்பதால் வாடகையும் அப்படித்தான், அதே பணத்துக்குத் தெகிவளையில் ஓர் அறை கூடக் கிடைக்கும்.

காலி வீதிக்கு மேற்கே கடற்பக்கம், கிழக்கே தரைப்பக்கம். கடற்பக்க ஒழுங்கைகளில் பால்கனியில் நின்றால் கடல் தெரியும், படத்தைப் பார்த்தே மயங்கிவிடுவீர்கள், நாங்களும் மயங்கினோம். மூன்று வருடத்தில் குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம், ஏசியின் வெளிப்பெட்டி, ஜன்னல் கம்பி, தையல் மெஷின் என்று இரும்பாக இருந்த எல்லாவற்றையும் உப்புக் காற்று தின்றுவிட்டது. ரயில் சத்தம் ஒரு வாரத்தில் பழகும், உப்பு பழகாது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் உங்களுக்கு வாடகைக்கு வீடு தரப்போகிறவர்களில் பலர் 1983 ஜூலையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தை இதே ஒழுங்கைகளில் பார்த்தவர்கள், வீடு எரிந்து கப்பலேறி யாழ்ப்பாணம் போய்த் திரும்பி வந்தவர்கள். அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் சொந்த ஊரிலேயே போலீஸில் பதிந்து பதிந்து வாழ்ந்தவர்கள். நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் சிலர் அறிமுகமான அரை மணி நேரத்தில் யுத்தம் பற்றிக் கேட்க ஆரம்பிக்கிறார்கள், அரசியல் கருத்தும் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். என் முதல் வீட்டு அன்ரி இரண்டு வருடம் கழித்து ஒரு மழை மாலையில் தானாகவே சொன்னார், நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தெகிவளைதான் உங்களுக்கு என் சிபாரிசு. வெள்ளவத்தைக்கு அடுத்த ரயில் நிலையம், 100, 101 பஸ்கள் இரண்டும் போகும், உங்கள் அலுவலகம் கொழும்புக் கோட்டைப் (ஃபோர்ட்) பக்கம் என்று எழுதியிருந்தீர்கள், காலை ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், கூட்டம் மட்டும் இருக்கும். தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்கள் கலந்த இடம், அது பிள்ளைக்கும் நல்லது. வத்தளை, ஹெந்தளைப் பக்கம் இன்னும் இடம் தாராளம், தமிழ்க் குடும்பங்கள் நிறைய, விமான நிலையத்துக்கும் அதிவேகப் பாதை கிட்டே. ஆனால் தினமும் களனிப் பாலம் தாண்டிக் கோட்டைக்கு வர வேண்டும், அந்த நேரம் உங்கள் பிள்ளையோடு இருக்க வேண்டிய நேரம். கொட்டாஞ்சேனை பழைய தமிழ் ஊர், கோயில் சூழல் பிடிக்கும் என்றால் போய்ப் பாருங்கள், வீடுகள் நெருக்கமாக இருக்கும். நுகேகொட, மகரகம பக்கம் வாடகை குறையும், ஆனால் அங்கே சிங்களம் தெரியாமல் உங்கள் மனைவிக்குக் கஷ்டம்.

வீடு தேடும் முறை இதுதான். முதலில் நீங்கள் மட்டும் வாருங்கள், இல்லையென்றால் மூவருமே வந்து வெள்ளவத்தையில் மாத வாடகைக்குச் சாமானோடு ஒரு அறை எடுத்துத் தங்குங்கள். தினமும் மாலை இரண்டு ஒழுங்கை நடங்கள். இக்மன் என்ற இணையதளத்தில் விளம்பரங்கள் வரும், வீரகேசரி, தினக்குரல் ஞாயிறு இதழ்களிலும் வரும், ஆனால் நல்ல வீடுகள் பல விளம்பரத்துக்கே வராது, கேட்டில் ஒரு அட்டை தொங்கும், அவ்வளவுதான். சிங்களத்தில் 'குலியட' என்று யாராவது சொன்னால் வாடகைக்கு என்று பொருள், நம் கூலி என்ற சொல்லை நினைத்துக் கொண்டால் மறக்காது. மரக்கறிக் கடைக்காரர், இஸ்திரி போடுகிறவர், கோயில் ஐயர், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்கும் தம்பிமார், இவர்களிடம் சொல்லி வையுங்கள். எங்கள் இப்போதைய வீடு ஒரு இளநீர்க்காரர் சொல்லிக் கிடைத்தது. தரகர் மூலம் போனால் பாதி மாதமோ ஒரு மாதமோ வாடகையைக் கேட்பார், முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள், வீட்டைக் காட்டவே பணம் கேட்பவரிடம் போகாதீர்கள். உரிமையாளர்கள் சைவமா மச்சமா (அசைவமா), எத்தனை பேர், எங்கே வேலை, ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்குவார்களா என்றெல்லாம் கேட்பார்கள். உள்ளதைச் சொல்லுங்கள். மீன் சமைப்பீர்கள் என்றால் மீன் சமைப்போம் என்றே சொல்லுங்கள், மறைத்துக் குடிபோனால் ஒவ்வொரு நாளும் ஜன்னலை மூடிக்கொண்டுதான் சமைக்க வேண்டி வரும்.

பார்த்த வீடு பிடித்துவிட்டால், மழை பெய்த மறுநாள் இன்னொரு தடவை போங்கள். மே மாதமும், அக்டோபர் நவம்பரும் இங்கே கனமழைக் காலம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகிக் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடு வீடாகத் தண்ணீர் நின்றது, வாய்க்கால் ஓரத்து வீடு எதுவானாலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று உரிமையாளரிடம் கேட்காமல் தெருமுனைக் கடையில் கேளுங்கள். சுற்றிலும் தண்ணீர் தேங்கும் கான் (சாக்கடை), மூடாத தொட்டி இருக்கிறதா பாருங்கள், சின்னப் பிள்ளையோடு வருகிறீர்கள், டெங்கு இங்கே விளையாட்டு இல்லை.

அப்புறம் தண்ணீர்த் தொட்டி, ஜெனரேட்டர். 2022 பொருளாதார நெருக்கடியில் டாலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. நாங்கள் நாலாவது மாடியில். மோட்டார் ஓடாததால் தண்ணீர் ஏறவில்லை, லிஃப்ட் இல்லை, என் கணவரும் மகனும் கீழே இருந்து வாளியில் சுமந்தார்கள். ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்லித்தான் அந்த வீட்டைத் தந்திருந்தார்கள், அது வாசல் விளக்குக்கு மட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இப்போது அப்படி வெட்டு இல்லை, ஆனாலும் ஜெனரேட்டரில் மோட்டாரும் லிஃப்டும் ஓடுமா என்று குறிப்பாகக் கேளுங்கள். டாலரில் வாடகை கேட்கும் உயர்ந்த கட்டடங்கள் சில உண்டு. ரூபாயில் சம்பளம் வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மொழியைப் பற்றி: தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி, ஆனால் தண்ணீர் பில் தகராறு, பிளம்பர், பஸ் கண்டக்டர் எல்லாம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் நடக்கும். வரும் முன்பே எண்ணிக்கையும் ஐம்பது சொல்லும் படித்துக்கொண்டு வாருங்கள், மனைவியும் படிக்கட்டும். தப்பாகப் பேசினாலும் இங்கே யாரும் சிரிக்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். தமிழிலும் சில சொல் மாறும். குசினி என்றால் சமையலறை, பாண் என்றால் பிரெட், கதைக்கிறது என்றால் பேசுகிறது. ஒரு மாதத்தில் நீங்களே கதைக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

வீட்டை இங்கே வந்து வாங்கிப்போடலாமா என்று கடைசியில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டவர் நிலம் வாங்க 2014ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. அடுக்குமாடியில் நாலாவது மாடியிலிருந்து மேலே உள்ள வீடு என்றால் வழி உண்டு. அதை இரண்டு வருடம் இருந்து பார்த்துவிட்டு யோசியுங்கள்.

எந்த மாதம் வருகிறீர்கள், பிள்ளைக்கு எந்தப் பாடசாலை நினைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். எங்கள் ஒழுங்கையில் அடுத்த மாதம் கீழ்வீடு ஒன்று காலியாகிறது, உரிமையாளரிடம் பேசிப் பார்க்கிறேன். ஆனால் நீங்கள் நேரில் வந்து மழையிலும் வெயிலிலும் பார்த்த பிறகுதான் பணம், அதில் மாற்றம் இல்லை.