மலை ஏரி, அருவி, கார்: கோடைப் பயணக் கேள்வி பதில்

கோடை விடுமுறைக்குக் காரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பும் வாசகர்கள் நிறைய கேள்விகள் அனுப்பியிருக்கிறார்கள். பலருக்கும் பொதுவாக இருந்தவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: ஐந்து நாள் விடுமுறை. நான்கு ஏரி, ஆறு அருவி என்று பட்டியல் போட்டிருக்கிறோம். மொத்தம் 900 கிலோமீட்டர், அதில் 350 மலைப்பாதை. வரைபடச் செயலி 20 மணி நேரம் காட்டுகிறது. தினமும் நான்கு மணி நேரம் ஓட்டினால் முடிந்துவிடும்தானே? பாட்டியும் இரண்டு குழந்தைகளும் உடன் வருகிறார்கள்.

முடியாது. செயலி காட்டுவது சக்கரம் நிற்காமல் உருளும் நேரம் மட்டும். குடும்பத்தோடு போகும் கார் மலைப்பாதையில் சராசரியாக மணிக்கு 25 கிலோமீட்டர்தான் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 350 கிலோமீட்டருக்கு 14 மணி நேரம். மீதி 550-ஐ மணிக்கு 55 என்று போட்டால் 10 மணி நேரம். இந்த 24 மணி நேரத்தோடு சாப்பாடு, கழிப்பறை, எரிபொருள், வழி தவறுவது என்று கால் பங்கு சேருங்கள். 30 மணி நேரம் ஆகிவிட்டது.

இன்னும் ஒரு இடத்தையும் பார்க்கவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஒரு கிலோமீட்டர் இறங்கிப் போகும் அருவி என்றால், இறங்க 25 நிமிடம், பாட்டியோடு ஏறிவர முக்கால் மணி நேரம், அங்கே இருக்க ஒரு மணி நேரம். உடை மாற்றுவதையும் சேர்த்தால் இடத்துக்கு இரண்டரை மணி நேரம். பத்து இடத்துக்கு 25 மணி நேரம். ஆக மொத்தம் 55. தினமும் 11 மணி நேரம் வண்டியிலும் வெயிலிலும் இருப்பது விடுமுறை ஆகாது. இரண்டு ஏரி, மூன்று அருவி போதும். மனசு கேட்காதுதான், ஆனாலும் பட்டியலை இப்போதே வெட்டிவிடுங்கள். வழியில் வெட்டும்போது குழந்தைகள் அழுவார்கள்.

தினம் ஒரு ஊரில் தங்காதீர்கள். இரண்டு ஊர் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் இரண்டு இரவு தங்கினால் பெட்டி கட்டி அவிழ்க்கும் வேலை பாதியாகும். பார்க்க வேண்டிய இடங்களைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காரணம் கூட்டம் மட்டும் இல்லை. வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி எழும்பும். காலையில் கண்ணாடியாகக் கிடந்த ஏரி மதியத்துக்குள் அலை அடிக்கத் தொடங்கிவிடும். அதே காற்றுதான் மேகத்தையும் திரட்டி, பிற்பகல் இடிமழையைக் கொண்டுவருகிறது. இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தங்குமிடம் சேருகிற மாதிரி நாளை அமையுங்கள்.

கேள்வி: படத்தில் பார்த்த அருவி நேரில் போனபோது வெறும் பாறையாக இருந்தது. எந்த மாதம் போனால் தண்ணீர் இருக்கும்?

அந்த அருவிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். மாதத்துக்கு விடை அதில்தான் இருக்கிறது.

பனி உருகி விழும் அருவி, கோடையின் தொடக்கத்தில் பொங்கி, கோடை முடிவதற்குள் மெலிந்துவிடும். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி அருவி 739 மீட்டர் உயரம். மே மாத வாக்கில் உச்சத்தில் இருக்கும் அதில் ஆகஸ்டில் பெரும்பாலும் சொட்டுத் தண்ணீர்கூட இருக்காது. நிரந்தரப் பனிப்பாறையிலிருந்து வரும் ஓடைகள் வேறு ரகம். கோடை உச்சத்தில்தான் அவற்றுக்கு வலு. அதுவும் ஒரே நாளில் காலையில் குறைந்தும் மாலையில் ஏறியும் இருக்கும். காலையில் தாண்டிப்போன ஓடை திரும்பி வரும்போது முழங்காலுக்கு மேல் நிற்பது இதனால்தான். பருவமழையை நம்பியிருக்கும் அருவிகள் மழைக்கு முந்தைய கடும் வெயில் மாதங்களில் நூலாகிவிடும். ஊற்றுநீர் அருவி மட்டும் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே மாதிரி விழும்.

ஏரிக்கும் காலம் உண்டு. கனடாவின் மொரெய்ன் ஏரிக்கு அந்த நீலப்பச்சை நிறத்தைத் தருவது பனிப்பாறை அரைத்து அனுப்பும் மாவு போன்ற கல்தூள். ஜூன் கடைசி வாக்கில் உருகுநீர் வந்து ஏரி நிரம்பினால்தான் படத்தில் பார்த்த நிறம் தெரியும். 2023-லிருந்து அங்கே சொந்தக் காரில் போகவும் முடியாது, பேருந்துதான். உயரமான கணவாய்ச் சாலைகளும் பனியை அள்ளி முடித்த பிறகே திறக்கும். அமெரிக்காவின் கிளேசியர் தேசியப் பூங்காவைக் குறுக்கே கடக்கும் சாலை சில வருடம் ஜூலை நடுவில்தான் முழுதாகத் திறந்திருக்கிறது. ஆகவே அறை பதிவு செய்யும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: சாலை திறப்பு, அனுமதிச் சீட்டு, போன வருடம் அதே வாரத்தில் யாராவது எடுத்த படம். சுற்றுலா விளம்பரப் படத்தை நம்ப வேண்டாம். அது எப்போதும் வெள்ளம் வரும் நாளில் எடுத்ததாகவே இருக்கும்.

கேள்வி: மலை இறங்கும்போது பிரேக்கிலிருந்து தீய்ந்த வாசனை வந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். பின் ஏன் வந்தது?

பிரேக்கில் கோளாறு இல்லாமலே இது வரும். 1,500 கிலோ எடையுள்ள கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 44 லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காலைப் பிரேக்கிலேயே வைத்து இறங்கினால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி நான்கு சக்கரத்து டிஸ்க்கிலும் டிரம்மிலும்தான் இறங்கும். டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் சூடேறி வழுக்கும், வாசனை வரும். அடுத்த கட்டமாகப் பிரேக் திரவம் கொதித்து அதில் ஆவிக்குமிழ் உண்டாகும். ஆவி அமுங்கிக்கொடுக்கும் என்பதால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது.

இந்தச் சூட்டை என்ஜின் வாங்கிக்கொள்ள வேண்டும். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர், செங்குத்தான இடத்தில் அதற்கும் ஒன்று கீழே. கியரை இறக்கம் தொடங்கும் முன்பே மாற்றுங்கள். ஆட்டோமேட்டிக் கார்களில் வழக்கமாக ஓட்டும் டி நிலையிலேயே விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. எல், 2, எஸ் அல்லது மேனுவல் நிலை என்று எது இருக்கிறதோ அதைப் பயன்படுத்துங்கள். அதற்குப் பிறகும் வேகம் கூடினால் பிரேக்கை நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுவதும் விட்டுவிடுங்கள். லேசாகத் தேய்த்துக்கொண்டே போவதுதான் கெடுதல். எரிபொருள் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது ஆபத்து, மிச்சமும் கிடையாது. இன்றைய பெட்ரோல், டீசல் கார்களில் கியரில் இறங்கும்போது என்ஜினுக்கு எரிபொருள் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் செலவாகும்.

வாசனை வந்துவிட்டதா? அகலமான இடத்தில் ஒதுங்கி அரைமணி நேரம் விடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணும் அல்லது விரிசல் விடும். ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுங்கள். கிளம்பும் முன் பெடலை மிதித்துப் பார்த்து, கெட்டியாக இருந்தால் மட்டும் நகருங்கள்.

மெக்கானிக்கிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: பிரேக் திரவம் மாற்றி எத்தனை வருடம்? அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இந்த அளவு 230, 155. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும்.

கேள்வி: ஏற்றத்தில் என்ஜின் சூட்டு முள் சிவப்பை நெருங்கினால்?

ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுவதும் திறந்து, மின்விசிறியை உச்சத்தில் வையுங்கள். வியர்க்கும், ஆனால் என்ஜின் சூடு அந்த வழியாக வெளியேறும். முள் இறங்கவில்லை என்றால் ஒதுக்கி நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

கேள்வி: அருவியில் குளிக்கலாம் என்று குழந்தைகளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டோம். எதைப் பார்த்து முடிவு செய்வது?

முதலில் பலகையைப் பாருங்கள். குளிக்கத் தடை என்று இருந்தால் பேச்சே இல்லை. தடை இல்லாத இடத்திலும் தண்ணீர் நேராக விழும் இடத்துக்குக் கீழே நிற்கவிடாதீர்கள். 30 மீட்டர் மேலிருந்து நேராக விழும் கல், கீழே வரும்போது மணிக்கு 87 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். தண்ணீர் இரைச்சலில் அது வருவதும் கேட்காது.

விழும் இடத்து மடு அடுத்த ஆபத்து. அங்கே நுரை வெள்ளையாகப் பொங்குகிறதே, அதில் பாதி காற்று. காற்று கலந்த நீர் உடலைத் தாங்காது, நன்றாக நீந்துபவரும் அமிழ்வார். விழுந்த நீர் அடியில் போய்ச் சுழன்று மறுபடி அருவிப் பக்கமே இழுக்கவும் செய்யும். நுரை அடங்கி, தரை தெரிந்து, குழந்தைக்கு முழங்காலுக்குக் கீழே ஓடும் கீழ்ப்பகுதிதான் குளிக்க ஏற்ற இடம். அங்கேயும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், கைபேசி இல்லாமல். அருவியின் தலைப்பகுதிக்கு யாரும் போக வேண்டாம். ஈரப்பாறைமேல் கண்ணுக்குத் தெரியாத பாசி இருக்கும். அங்கே வழுக்கினால் பிடிக்க எதுவும் இருக்காது.

தண்ணீர் திடீரென்று ஏறுவதற்குச் சில அறிகுறிகள் உண்டு. தெளிந்த நீர் கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது, சற்று முன் வெளியே தெரிந்த கல் மூழ்குவது. ஒன்றைக் கண்டாலும் செருப்பு, துணியைத் தேடாமல் உடனே கரைமேல் ஏறுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடிப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், மழை மேலே மலையில் பெய்திருக்கும். மேலே அணை இருந்தால் மழையே இல்லாமலும் நீர் ஏறும். உள்ளே இறங்கியவுடன் கரையோரம் ஒரு கல்லைக் குறித்துக்கொண்டு, அவ்வப்போது அதைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

கேள்வி: மலை ஏரியின் ஓரத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருந்தது. நன்றாக நீந்துவேன். நடுவரை போகலாமா?

ஓரத்தை வைத்து நடுவைக் கணிக்க முடியாது. கோடையில் ஆழமான ஏரியின் மேல்மட்ட நீர் மட்டும் சூடாகி மிதக்கும். கீழே உள்ளது அதோடு கலக்காமல் கடுங்குளிராகவே கிடக்கும். உருகுநீர் ஓடை சேரும் இடத்தில் மேல்மட்டமும் சில்லிட்டிருக்கும்.

15 டிகிரிக்குக் கீழான நீரில் திடீரென விழுந்தால் உடம்பு தன்னிச்சையாக மூச்சை உள்ளே இழுக்கும். வாய் தண்ணீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது தண்ணீர்தான். அடுத்த ஓரிரு நிமிடம் மூச்சு கட்டுக்கு வராமல் இரைக்கும். பத்து நிமிட அளவில் கைகால் சொன்னபடி கேட்காமல் போகும். நீச்சல் பழக்கம் இதைத் தடுக்காது. தவறி விழுந்தால் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீரான பிறகு கரையைப் பார்த்து நகருங்கள்.

ஆகவே குதிக்க வேண்டாம், நடந்து மெல்ல இறங்குங்கள். கரைக்கு இணையாக, கால் எட்டும் ஆழத்தில் நீந்துங்கள். காற்றடைத்த மிதவை வளையத்தைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார முடியாது, மதியக் காற்று அதை நடு ஏரிக்குத் தள்ளிவிடும். உடல் எடைக்கு ஏற்ற லைஃப் ஜாக்கெட் வாங்குங்கள். கவட்டுப் பட்டி இருந்தால்தான் சிறு குழந்தைக்கு அது தலைவழியே கழலாது. இடி கேட்டதும் தண்ணீரை விட்டு வெளியேறுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் போகட்டும்.

கேள்வி: மேலே போனால் டயர் காற்றைக் குறைக்க வேண்டுமா?

வேண்டாம். 2,000 மீட்டர் ஏறினால் அளவி ஏறக்குறைய 3 பிஎஸ்ஐ கூடக் காட்டும். ஆனால் அதே ஏற்றத்தில் 12, 13 டிகிரி குளிர்ந்து, 2 பிஎஸ்ஐ குறைந்தும்விடும். கதவோர ஒட்டுத்தாளில் உள்ள அளவைக் குளிர்ந்த டயரில் காலையில் சரிபார்த்தால் போதும். ஸ்டெப்னியை மறக்காதீர்கள்.

கேள்வி: மின்சாரக் காரில் மலையேறலாமா?

தாராளமாக. ஏற்றம் மின்சாரத்தைக் குடிக்கும், இறக்கத்தில் ஒரு பகுதி திரும்ப வரும். உச்சியில் தங்கும் விடுதியில் முழுவதும் ஏற்றிக்கொண்டு இறங்குவதுதான் தவறு. பேட்டரியில் இடம் இல்லை என்றால் இறக்கத்தில் மின்சாரத்தைத் திரும்பச் சேமிக்கும் அமைப்பு வேலை செய்யாது, எல்லாச் சுமையும் சாதாரண பிரேக்குக்குப் போய்விடும். 80 சதவீதத்தோடு நிறுத்துங்கள்.

கேள்வி: வளைவுகளில் பையன் வாந்தி எடுக்கிறான்.

வயது அனுமதித்தால் முன் இருக்கை. இல்லையேல் பின்னே நடுவில், முன்கண்ணாடி வழியே தூரத்துச் சாலை தெரிகிற மாதிரி, சரியான பெல்ட்டோடு உட்கார வையுங்கள். கைபேசியும் புத்தகமும் வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, வயிறு முட்டவும் கூடாது. மாத்திரை என்றால் மருத்துவர் சொன்ன அளவில், கிளம்புவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்துப் பயனில்லை. அந்த மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும், ஓட்டுபவர் தொடக்கூடாது.

கேள்வி: அருவியில் வானவில் எந்த நேரம் தெரியும்?

சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னாலும் சாரல் எதிரிலும் இருக்க வேண்டும். உங்கள் தலையின் நிழலிலிருந்து 42 டிகிரி தள்ளி வில் விழும். அதனால் கிழக்கு பார்த்த அருவிக்குக் காலை, மேற்கு பார்த்ததற்கு மாலை. உச்சி வெயிலில் கீழே நின்று எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, மேலே பார்வை மேடை இருந்தால் குனிந்து பார்க்கக் கிடைக்கலாம்.

கேள்வி: ஓடைத் தண்ணீர் பளிங்காக இருக்கிறது. குடிக்கலாமா?

கொதிக்க வைத்துக் குடியுங்கள். மேலே விலங்குகள் இறங்கும் ஓடையில் வயிற்றைக் கெடுக்கும் நுண்ணுயிர்கள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். நன்றாகக் கொதி வந்த பிறகு ஒரு நிமிடம், 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம். உயரத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடுவதால்தான் இந்தக் கூடுதல் நேரம். பாத்திரம் கழுவ, சோப்புப் போட, தண்ணீரை மொண்டு கரையிலிருந்து 60 மீட்டர் தள்ளிப் போய்விடுங்கள். கீழே இன்னொருவர் அதே ஓடையில்தான் பாத்திரம் நிரப்புகிறார்.