மகளுக்குத் தெரிந்தது மகனுக்கு ஏன் தெரியக்கூடாது?

கேள்வி: அக்கா, நான் பாம்பன் பக்கம் ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். வீட்டுக்காரர் விசைப்படகில் மீன்பிடிக்கப் பங்குக்குப் போகிறார். நான் கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கப் போவேன், பாசி இல்லாத நாளில் கருவாடு காயப்போடும் வேலை. மூத்தவன் ராமநாதபுரத்தில் காலேஜ் இரண்டாம் வருஷம், சின்னவள் பத்தாவது. ஜூனில் காலேஜ் திறந்தபோது என் பேரில் தவணைக்குப் போன் வாங்கினான், தவணை நான்தான் கட்டுகிறேன். இப்போது பைக் வேண்டும் என்கிறான். 'வாழ்த்துகள், உங்களுக்கு மூன்று லட்சம் ரூபாய் கடன் ஒதுக்கப்பட்டுள்ளது' என்று போனில் ஒரு மெசேஜ் வந்தது. சிம் என் பேரில்தான் இருக்கிறது. அதைக் காட்டி, 'பேங்க்காரனே தர்றேங்கிறான், எனக்கு வர்றதை நீ எதுக்கு மறிக்கிறே' என்று சண்டை. இரண்டு நாள் சாப்பிடவில்லை. நாங்கள் அவனுக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை அக்கா. மீன்பிடித் தடைக்காலத்தில்கூட சின்னவளைக் கூட்டிக்கொண்டு போய் அவள் தோட்டை அடகு வைத்துத்தான் ஓட்டினோம், அவனுக்கு அது தெரியாது, தெரிந்தால் மனசு கஷ்டப்படுவான். இந்த விளம்பரங்கள்தான் பிள்ளைகளைக் கெடுக்கின்றன, அரசாங்கம் ஏன் தடை செய்யக்கூடாது? மகளிர் குழுவில் கடன் எடுத்து வண்டியை வாங்கிக் கொடுத்துவிடலாமா என்றும் தோன்றுகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: தோடு யாருடையது தங்கச்சி? சின்னவளுடையது. அடகுக் கடைக்கு யாரைக் கூட்டிக்கொண்டு போனாய்? சின்னவளை. பத்தாவது படிக்கிற பிள்ளை, தன் காதிலிருந்து கழற்றியதைக் கடைக்காரர் தராசில் போடுவதை நின்று பார்த்துவிட்டு, வெறும் காதோடு பஸ் ஏறி வந்திருக்கிறாள். காது தூர்ந்து போகாமல் இருக்க ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாளா என்ன என்று எனக்குத் தெரியாது, நீ எழுதவில்லை. அவள் மனசு கஷ்டப்பட்டதா என்றும் எழுதவில்லை. அவளை விட மூத்த ஆண் பிள்ளைக்கு மட்டும் 'தெரிந்தால் கஷ்டப்படுவான்'. இதை நீ ஒரு பெருமையாகவே எழுதியிருக்கிறாய், அவனுக்கு எந்தக் குறையும் வைத்ததில்லை என்பதற்குச் சாட்சியாக.

இந்த மாதிரிக் கடிதம் மண்டபத்திலிருந்தும் தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒன்றில் பைக், ஒன்றில் போன், ஒன்றில் நண்பர்களோடு கொடைக்கானல் போகப் பணம். ஏதோ ஒரு மூலையில் ஒரு பெண் பிள்ளையின் நகை அடகுக்குப் போயிருக்கும், எழுதுகிறவர்கள் அதைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். வயசு அப்படி, போகப் போகச் சரியாகிவிடும் என்று நான் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பாய். எழுத மாட்டேன். இது தானாகச் சரியாகிற விஷயம் இல்லை.

சரி, நீ கேட்டதற்கு முதலில் வருகிறேன். விளம்பரம் பிள்ளைகளைக் கெடுக்கிறதா என்றால், கெடுக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. பொருளைப் புகழ்ந்து விற்பது ஒரு வகை, சோப்பு அழுக்கை எடுக்கும், டயர் பல வருஷம் உழைக்கும் என்பது போல. அதைக் கேட்டால் நாமும் திருப்பிக் கேட்கலாம், உண்மையா, விலை கட்டுமா, இப்போது அவசியமா என்று. வாங்குகிறவரைப் புகழ்ந்து விற்பது இன்னொரு வகை. 1971-ல் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் விளம்பரம் ஒன்று, இன்றைக்கு ஓர் ஓய்வு உங்களுக்குச் சேர வேண்டியது என்று பாடியது. அதே காலத்தில் லோரியால் தலைச்சாய விளம்பரத்தில் ஒரு பெண், இது விலை கூடினதுதான், இருந்தாலும் வாங்குவேன், ஏனென்றால் நான் அதற்குத் தகுதியானவள் என்றாள். இப்போது நம் ஊர் டிவியிலும் போனிலும் வருவதில் முக்கால்வாசி இந்த வகைதான், நீங்கள் ராஜா, உங்களுக்கு இல்லாததா, இனியும் ஏன் காத்திருக்கிறீர்கள்.

இது உனக்குச் சேர வேண்டியது என்று ஒருவன் காதில் சொல்லிவிட்டால், அவனுக்கு விலையும் அவசியமும் கேள்வியாகவே வராது, சேர வேண்டியது ஏன் இன்னும் சேரவில்லை, யார் மறிக்கிறார்கள் என்பது மட்டும்தான் மிஞ்சும். உன் மகன் கேட்டதை நீயே எழுதியிருக்கிறாய், 'எனக்கு வர்றதை நீ எதுக்கு மறிக்கிறே' என்று. ஆசைப்பட்ட பிள்ளை கெஞ்சும். இவன் பறிகொடுத்தவனைப் போலப் பேசுகிறான். அந்த மெசேஜில் கடன் என்பது அடுப்படியில் அவனுக்கென்று மூடி வைத்த சோறு மாதிரி இருக்கிறது, அதைத் தராமல் வைத்திருக்கிறவள் நீ.

அவனிடம் சொல், அந்த மெசேஜில் யாரும் எதையும் ஒதுக்கவில்லை. அது கூட்டத்துக்கெல்லாம் போகிற மெசேஜ். விண்ணப்பித்த பிறகுதான் வருமானம் என்ன, கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டுகிற சிபில் ஸ்கோர் என்ன என்று பார்ப்பார்கள், வட்டியைப் பற்றிய பேச்சும் அப்போதுதான் வரும். செயலி வழியாகக் கடன் கொடுக்கிறவர்கள் வருஷத்துக்கு மொத்தம் எத்தனை சதவீதம் ஆகிறது என்பதை ஒரு தாளில் தெளிவாகக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று 2022-ல் ரிசர்வ் வங்கி விதி போட்டிருக்கிறது, அந்தத் தாளைக் கேட்டு வாங்கி அவனையே வாசிக்கச் சொல். போனையும் வட்டி இல்லாத் தவணை என்று சொல்லித்தான் உன் தலையில் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, வட்டியை வேறு கட்டணத்துக்குள் மறைக்கிறார்கள் என்று 2013-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பிவிட்டது.

தடை செய்யக்கூடாதா என்று கேட்டாய். தப்பான விளம்பரத்துக்குச் சட்டம் இருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் தடவைக்கு 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போடலாம், புகார் சொல்ல 1915 என்ற எண் இருக்கிறது, விளம்பர மெசேஜே வரவேண்டாம் என்றால் 1909-க்கு அழைத்து நிறுத்தச் சொல்லலாம். இதையெல்லாம் செய். ஆனால் சட்டத்தால் பிடிக்க முடிந்தது பொய்யை மட்டும்தான். பத்து நாளில் சிவப்பாகலாம் என்றால் பத்து நாள் பார்த்துவிட்டுக் கேஸ் போடலாம். நீ ராஜா என்று சொன்னால் எந்த அதிகாரி வந்து இல்லை என்று நிரூபிப்பார்? அதை நிரூபிக்க வேண்டியது வீட்டில் இருக்கிறவர்கள். உன் வீட்டில் அதை யாரும் செய்யவில்லை.

இங்கேதான் உன்னோடு எனக்குச் சண்டை. நீ விரலில் துணிக் கிழிசலைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, பார் என்கிற கடலடிப் பாறையில் ஒட்டியிருக்கிற மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வருகிறாய். துணியையும் மீறிப் பார் அறுத்த விரலில் உப்புத் தண்ணீர் பட்டால் என்ன எரிச்சல் எரியும் என்று உனக்குத் தெரியும். அந்த மரிக்கொழுந்திலிருந்து அகர் எடுக்கிறார்கள், கட்டக்கோரை என்ற இன்னொரு பாசியிலிருந்து அல்ஜினேட் எடுக்கிறார்கள், ஐஸ்கிரீம் கெட்டியாக நிற்பதற்கும் துணியில் சாயம் அச்சடிப்பதற்கும் அவை போகின்றன. ஐஸ்கிரீம் விளம்பரத்தில் ஒரு தடவையாவது பாசிக்காரியின் விரலைக் காட்டியிருக்கிறார்களா? காட்ட மாட்டார்கள். எங்கிருந்து வந்தது, யார் கஷ்டப்பட்டது என்பதை வெட்டி எறிந்துவிட்டுப் பொருளை மட்டும் பளபளவென்று காட்டினால்தான் பார்க்கிறவனுக்கு அது தானாக வந்த மாதிரி, தனக்காகவே வந்த மாதிரித் தோன்றும்.

நீயும் உன் மகனுக்கு அதையேதான் செய்திருக்கிறாய். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடந்தது, உன் வீட்டுக்காரருக்குப் பங்கு கிடையாது, நிவாரணம் எத்தனை நாளைக்குக் காணும் என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். அந்த 61 நாளும் அவன் தட்டில் சோறு வந்தது, குழம்பு வந்தது, எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியாது. தடைக்காலம் முடிந்த கையோடு போனும் வந்தது. தோடு போன தேதியையும் போன் வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாயா? ஒரு பிள்ளையின் காது வெறுமையாக இருக்கும்போதே இன்னொரு பிள்ளை புதுப் போன் டப்பாவைப் பிரித்திருக்கிறான், அவன் பிரித்ததில் அவன் தப்பு பாதிதான், அவனுக்கு யார் சொன்னார்கள்? அவனிடம் பணத்தைப் பற்றிப் பேசியதே அந்த மெசேஜ் மட்டும்தான். அது என்ன சொன்னதோ அதை அவன் நம்பினான்.

அந்தத் தலைச்சாய விளம்பரத்தைச் சொன்னேனே, அந்த வரியை எழுதியது இலான் ஸ்பெக்ட் என்ற 23 வயசுப் பெண். கூட வேலை பார்த்த ஆண்கள் ஒரு பெண்ணை வாய் திறக்க விடாமல் அழகுக்கு உட்கார வைக்கிற மாதிரி விளம்பரம் யோசித்துக்கொண்டிருந்த கோபத்தில் எழுதினாள். எனக்கும் ஒரு மதிப்பு உண்டு என்று அது வரைக்கும் யாரும் சொல்லாத ஒருத்திக்காக அதை எழுதினாள், கம்பெனி அதை வைத்துச் சாயம் விற்றது. உன் வீட்டில் அந்தப் பேச்சு யாருக்குத் தேவை என்று யோசி. மகனுக்கு அது பிறந்த நாளிலிருந்தே கிடைத்துக்கொண்டிருக்கிறது. சின்னவளுக்கு ஒரு நாளாவது நீ சொன்னாயா? அவளுக்கு வீட்டுக் கஷ்டம் தெரியும், அடகுக் கடையின் வாசல் தெரியும், அதனால் அவள் எதுவும் கேட்க மாட்டாள், கேட்காத பிள்ளைக்கு ஒன்றும் வேண்டாம் என்று நீங்கள் இரண்டு பேரும் முடிவு செய்துவிட்டீர்கள். முதலில் அவளைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேள். தாய் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று நினைக்காதே, கேட்கத்தான் வேண்டும்.

அப்புறம் ஒரு ராத்திரி, உன் வீட்டுக்காரர் கரையில் இருக்கிற நாளாகப் பார்த்து (அவர் இதில் என்ன சொல்கிறார் என்று உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை), நாலு பேரும் உட்காருங்கள். அடகுச் சீட்டை எடுத்து மகன் கையில் கொடு. பெயர், எடை, தொகை, வட்டி, எல்லாவற்றையும் சத்தமாக வாசிக்கச் சொல். சின்னவள் எதிரில்தான் வாசிக்க வேண்டும். அவன் மனசு கஷ்டப்படும். படட்டும். அந்தக் கஷ்டம் அவனுடைய பங்கு, அதை நீ எடுத்து ஒளித்து வைத்தாய். வீட்டுக்காரர் தன் வாயால் சொல்லட்டும், டீசலும் ஐஸும் போக ஒரு தடவைக்குப் பங்கு எவ்வளவு வருகிறது, வெறும் வலையோடு திரும்புகிற நாள் எப்படி இருக்கும், கச்சத்தீவுப் பக்கம் போனால் இலங்கை நேவி பிடித்துவிடுமோ என்ற பயத்தோடு எப்படி வலை இழுக்கிறார் என்று. மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்து காலேஜ் வரை போன பிள்ளைக்கு அப்பாவின் பங்குக் கணக்கு தெரியவில்லை என்றால் அது படிப்பில் சேராது.

போன் தவணை இந்த மாதத்திலிருந்து அவன் பொறுப்பு. சனி ஞாயிறில் ராமேஸ்வரத்தில் லாட்ஜிலும் சாப்பாட்டுக் கடையிலும் கை ஆள் தேடுவார்கள், போகட்டும். கடலுக்கு அனுப்பு என்று நான் சொல்லவில்லை, அந்தப் பயம் உனக்கு இருக்கும், அது நியாயம். தவணை போக மிச்சம் வருகிற காசு தோட்டை மீட்கப் போகட்டும், மீட்கிற அன்றைக்குத் தங்கச்சியை அவனே கூட்டிக்கொண்டு போகட்டும். அது முடிகிற வரைக்கும் பைக் என்ற பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்று சொல்லிவிடு.

சாப்பிடாமல் கிடந்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போகாதே, சோறு பானையில் இருக்கிறது, பசித்தால் அவனே போட்டுக்கொள்வான், சாப்பிட்ட தட்டையும் அவனே கழுவட்டும். உயிரை விடுவேன் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால் மட்டும் அதை வீம்பு என்று ஒதுக்காதே, உடனே 104 என்ற மருத்துவ உதவி எண்ணுக்குப் போன் பண்ணி அங்கே பேச வை.

இதெல்லாம் ஏன் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன் என்றால், இன்றைக்கு உன்னிடம் கேட்டுக் கிடைக்காத வண்டியை நாளைக்கு அவன் எங்கே கேட்பான் என்று எனக்குத் தெரியும். பெண் பார்க்கப் போகிற வீட்டில் கேட்பான், நீயும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாய். மாப்பிள்ளைக்கு வண்டி என்பது நம் பக்கத்தில் புதுசா? அந்த வீட்டிலும் ஒரு பெண் பிள்ளையின் நகை அடகுக்குப் போகும்.

கடைசியாக, அந்த மகளிர் குழுக் கடன். நீ கட்டத் தவறினால் மற்றப் பெண்கள் சேர்ந்து கட்ட வேண்டிய பணம் அது. உன்னோடு பாசிக்கு வருகிறவர்களே அந்தக் குழுவிலும் இருப்பார்கள், அடுத்த தடைக்காலத்துக்கு அந்தப் பணத்தை நம்பித்தான் அவர்களும் இருப்பார்கள். அதில் உன் மகனுக்கு வண்டி வாங்க உனக்கு எந்த நியாயமும் இல்லை. கடனுக்குப் பெயர் கொடுத்திருந்தால் இந்த வாரக் கூட்டத்திலேயே போய்ப் பெயரை நீக்கச் சொல்லிவிடு.