பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யுவின் எழுத்தில் அவருடைய குடும்பத்தின் தாக்கம் என்ன?

முதலில் சொல்ல வேண்டியது அம்மாவின் மௌனத்தை. காத்ரினுக்குக் காது சரியாகக் கேட்காது, எழுதப் படிக்கத் தெரியாது. அல்ஜீரியாவின் அல்ஜியர்ஸ் நகரில், பெல்கூர் பகுதியில் வீட்டுவேலை செய்து இரண்டு மகன்களை வளர்த்தார். அப்பா லூசியன் 1914இல் முதல் உலகப் போரின் மார்ன் சண்டையில் காயம்பட்டு இறந்தபோது காம்யுவுக்கு ஒரு வயதுகூட நிரம்பவில்லை. அப்பாவின் உடலிலிருந்து எடுத்த குண்டுச் சில்லுகள் வீடு வந்து சேர்ந்தன. அம்மா அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார்.

அப்பாவைப் பற்றி மகனுக்குத் தெரிந்த மிகச் சில விஷயங்களில் ஒன்று இது. மரண தண்டனை ஒன்றைப் பார்க்கப் போனவர், திரும்பி வந்து வாந்தியெடுத்தார். காம்யு 1957இல் மரண தண்டனையை எதிர்த்து எழுதிய கட்டுரை அங்கிருந்தே தொடங்குகிறது.

வீட்டில் அதிகாரம் பாட்டியிடம். கண்டிப்பு என்றால் சாட்டையடி. பேரன் சீக்கிரம் சம்பாதிக்கட்டும் என்றிருந்த பாட்டியை, வீடு தேடி வந்து அவனது மேற்படிப்புக்குச் சம்மதிக்க வைத்தார் ஆசிரியர் லூயி ஜெர்மேன். நோபல் பரிசு கிடைத்ததும், அம்மாவுக்கு அடுத்து உங்களைத்தான் நினைத்தேன் என்று காம்யு அவருக்குக் கடிதம் எழுதினார். படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும் கடிதம் அது.

1960இல் காம்யு கார் விபத்தில் இறந்தபோது, 'முதல் மனிதன்' நாவலின் கையெழுத்துப் பிரதி உடனிருந்தது. இந்தப் புத்தகத்தை ஒருபோதும் படிக்க முடியாத உனக்கு என்று அதை அம்மாவுக்குச் சமர்ப்பித்திருந்தார்.