மிளகு விலையைப் பற்றியே எழுதட்டும்

கேள்வி: என் பேத்திக்குப் பள்ளியில் முசிறித் துறைமுகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கடலையே பார்த்ததில்லை. அந்த ஊரும் இப்போது கேரளாவில் இருக்கிறது. மலைப் பிள்ளைக்கு இது எதற்கு? மிளகு விலையைப் பற்றி எழுதச் சொன்னாலாவது எங்களுக்கு உபயோகம்.
— ஒரு மிளகு விவசாயி, தாண்டிக்குடி

பதில்: மிளகு விலையைப் பற்றியே எழுதட்டும் ஐயா. நாலாவது வரியில் முசிறி வந்து நிற்கும்.

முதலில் ஒன்று. திருச்சிப் பக்கம் காவிரிக்கரையில் இருக்கிற முசிறி வேறு. இது சேரநாட்டு முசிறி, பெரியாற்றுத் துறை. அகநானூறு 149-ஆம் பாட்டில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் அந்த ஆற்றைக் காட்டுகிறார். வெள்ளை நுரை கலங்க யவனர்களின், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர்களின், மரக்கலம் வருகிறது, ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’. கறி என்றால் அன்று மிளகு. பொன்னை இறக்கிவிட்டு மிளகை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. நாலே சொல்லில் மொத்த வியாபாரமும் அடங்கிவிட்டது.

புறநானூறு 343-ல் பரணர் இன்னும் கிட்டே போகிறார். மீன் விற்று வாங்கிய நெல், வீடுகளில் குவித்த மிளகு மூட்டை, கப்பலில் வந்த பொன்னைக் கரை சேர்க்கிற கழித்தோணி என்று ஊரே கண்முன் வருகிறது. அப்புறம் வருகிற சொல்லைப் பேத்தி கட்டாயம் எழுத வேண்டும்: ‘மலைத்தாரமும் கடல்தாரமும்’. தாரம் என்றால் பண்டம். இரண்டையும் சேர்த்து, வருகிறவர்களுக்கு வழங்கினானாம் சேர மன்னன் குட்டுவன். கடற்கரை ஊரைப் பாடுகிற புலவர் மலையைத்தான் முதலில் சொல்கிறார்.

எர்ணாகுளம் மாவட்டத்துப் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் அகழாய்வு நடந்தது. இதுதான் முசிறி என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். செங்கல் கட்டிய படகுத்துறை, தோணியைக் கட்டும் தேக்கு முளைகள், ஒரே மரத்தைக் குடைந்து செய்த, சுமார் 6 மீட்டர் நீளத் தோணி எல்லாம் அங்கே ஈர மண்ணுக்குள் கிடந்தன. யவனர்களின் மதுச்சாடித் துண்டுகளும் உண்டு, மிளகும் உண்டு. பரணர் சொன்ன கழித்தோணி எப்படி இருந்திருக்கும் என்று பேத்தி கேட்டால் அந்தத் தோணியின் படத்தைக் காட்டுங்கள்.

கடலுக்கு அந்தப் பக்கம் என்ன ஆயிற்று? எகிப்தில் செங்கடல் ஓரம் பெரெனிகே என்றொரு துறைமுகம் இருந்தது. அங்கே ஒரு கோயில் வளாகத்தில் இந்தியச் சாடி ஒன்று புதைந்து கிடந்தது, உள்ளே சுமார் 7.5 கிலோ மிளகு. இதை உங்கள் களத்துக் கணக்கில் போட்டுப் பாருங்கள். காய்ந்து 7.5 கிலோ நிற்க வேண்டுமானால் பச்சையில் 22 கிலோவாவது பறிக்க வேண்டும். மரத்தில் ஏணியைச் சாய்த்து, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சரம் சரமாகக் கிள்ளி, காலால் தேய்த்து உதிர்த்து, நாலைந்து வெயில் காயப்போட்டு, மேகம் கூடினால் ஓடிப்போய் வாரி மூடி... சில்வர் ஓக் மரமும் தார்ப்பாயும் அன்று கிடையாது. மற்றபடி அந்தச் சாடிக்காகக் கொடியில் கை வைத்தவர் பட்ட பாடும் உங்கள் பாடுதான்.

கேரளாவில் இருக்கிறது என்று ஒதுக்குவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். மாநில எல்லை 1956-ல் வந்தது. அதற்காக முசிறி நமக்கு மட்டும்தான் சொந்தம் என்று கிளம்பவும் வேண்டாம். மண்ணைத் தோண்டி அதைக் காப்பாற்றி வைத்திருப்பவர்கள் அவர்கள்.

நம் பக்கத்தையும் பாருங்கள். பழனியை ஒட்டிய கலையம்புத்தூரில் 19-ஆம் நூற்றாண்டில் ரோமானியத் தங்கக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. உங்கள் தாண்டிக்குடியிலேயே பழைய ஈமக்குழிகளைத் தோண்டியபோது சூதுபவள மணிகள் கிடைத்தன. இந்த மலையில் கிடைக்கிற கல் இல்லை அது. எங்கிருந்தோ, யார் தோளிலோ ஏறி மேலே வந்திருக்கிறது. கடலைப் பார்க்காத மலை என்று இதை எப்படிச் சொல்வது?

எனக்கு ஆறாத ஒன்று உண்டு. வியன்னாவில் 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஏடு, அதாவது கோரைத் தண்டில் செய்த பழைய எகிப்தியத் தாள், ஒன்றை வைத்திருக்கிறார்கள். முசிறி வியாபாரத்துக்காக வாங்கிய கடனின் பத்திரம் அதில் இருக்கிறது. சரக்குக் கணக்கில் யானைத் தந்தம் வருகிறது, அதுவும் காட்டிலிருந்து இறங்கியதுதான். கப்பலின் பெயர் ஹெர்மபொல்லோன் என்று இன்றும் தெரிகிறது. தந்தத்தைச் சுமந்தவர் பெயரும் மிளகைப் பறித்தவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. மரக்கலத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள் ஐயா. ஏணியைப் பற்றி எழுத உங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.

ஆசிரியரிடம் மதிப்பெண் வாங்கின பிறகு கட்டுரையை எங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். களத்தில் மிளகு காய்கிற படம் ஒன்றும் வேண்டும். அடுத்த இதழில் ஒரு பக்கம் எடுத்து வைத்திருக்கிறேன்.