வீட்டுப் பத்திரத்தை எடுக்கும் முன் ஓராண்டுத் தொழிற்பயிற்சியை யோசியுங்கள்

கடந்த வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தம்பதியர் தங்கள் மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் ஆலோசனை கேட்க வந்திருந்தார்கள். மகள் 2024-இல் மின் மற்றும் மின்னணுப் பொறியியலில் பி.இ. முடித்தவர். இறுதியாண்டில் நடந்த வளாகத் தேர்வில் ஒரு மென்பொருள் நிறுவனம் அவரைத் தேர்ந்தெடுத்து ஆஃபர் லெட்டரும் கொடுத்திருக்கிறது. தந்தை அதை லேமினேட் செய்து கோப்பில் வைத்திருந்தார். பணியில் சேர வேண்டிய தேதி மட்டும் இன்றுவரை வரவில்லை. அதே கோப்பின் அடுத்த உறையில் வீட்டுப் பத்திரத்தின் நகல் இருந்தது. அமெரிக்காவின் டல்லாஸில் இருக்கும் சித்தப்பா, இனி இங்கே காத்திருந்து பயனில்லை, கணினி அறிவியலில் எம்.எஸ். படிக்க அனுப்பிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் ஒரு முகவர் 40 லட்சம் ரூபாய்க்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

முதல் பத்து நிமிடம் நானும் ஆறுதல்தான் சொன்னேன். தாயின் கண் கலங்கியிருந்தது, ஊரில் பார்ப்பவர்களெல்லாம் “பொண்ணு எப்போ ஜாயின் பண்ணுது?” என்று கேட்பதாகச் சொன்னார். ஆனால் ஆறுதலோடு அவர்களை அனுப்பினால் அவர்கள் நேரே வங்கிக்குத்தான் போவார்கள் என்று தெரிந்ததும், பேச்சை மாற்றிக்கொண்டேன். அவர்களிடம் சொன்னதையே, இதே நிலையில் இருக்கும் மற்றப் பெற்றோருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஆஃபர் லெட்டர் என்பது பணி நியமன ஆணை அல்ல. நிறுவனத்துக்குத் தேவை இருந்தால் அழைப்போம் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கொடுக்க முடியாது. சேரும் தேதியைக் கேட்டு மகளே ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும். முப்பது நாளில் தேதி குறித்த பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தை மறந்துவிட வேண்டும். கல்லூரி வாசலில் தொங்கும் வேலைவாய்ப்புப் பேனரையும் இதே கண்ணோடு பார்க்கப் பழகுங்கள். அதில் இருப்பது பெரும்பாலும் கடிதங்களின் எண்ணிக்கை. மூன்று கடிதம் வாங்கிய ஒரு மாணவர் அங்கே மூன்று பேராகிவிடுவார். சேர்ந்தவர் எத்தனை பேர் என்று கல்லூரியிடம் எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, இந்தத் தாமதம் உங்கள் மகளின் குறையால் வந்ததல்ல. அதற்காக, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று நினைத்துக் காத்திருக்கவும் கூடாது. 2023-24 நிதியாண்டின் முடிவில் டிசிஎஸ் நிறுவனத்தின் மொத்த ஊழியர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 13,249 குறைந்தது. இன்ஃபோசிஸில் 25,994, விப்ரோவில் 24,516 குறைந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் 50,000-க்கும் மேற்பட்ட புதிய பட்டதாரிகளை எடுத்த இன்ஃபோசிஸ், அந்த ஆண்டில் எடுத்தது ஏறத்தாழ 12,000 பேரைத்தான். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதத்தினரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. கொரோனாவுக்குப் பிந்தைய தேவையை நம்பி 2021-22இல் அளவுக்கு மீறி ஆள் எடுத்தது இதற்கு ஒரு காரணம். அந்தக் காரணம் காலப்போக்கில் தீர்ந்துவிடும். இன்னொரு காரணம் தீரக்கூடியதல்ல. இந்த நிறுவனங்கள் பிரமிடு போலக் கட்டப்பட்டவை: அடித்தட்டில் ஆயிரக்கணக்கான புதியவர்களை வைத்து, மென்பொருளைச் சோதிக்க டெஸ்ட் கேஸ் எழுதுவது, வாடிக்கையாளர் புகார்களை முதல்நிலையில் பார்ப்பது, ஆவணம் தயாரிப்பது, சிறு பிழைகளைத் திருத்துவது போன்ற வேலைகளைக் கொடுத்து, ஆளுக்கு இவ்வளவு என்று வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கித்தான் அவை வளர்ந்தன. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் முதலில் கை வைத்திருப்பது இந்த அடித்தட்டு வேலையில்தான். வாடிக்கையாளரும் புதியவர்களுக்குக் கட்டணம் கொடுக்க முன்போலச் சம்மதிப்பதில்லை. ஆகவே ஆளை முதலில் எடுத்து, வேலை வரும்வரை பெஞ்சில் காத்திருக்க வைத்த நிறுவனங்கள், இப்போது வேலை கையில் வந்த பிறகே ஆள் தேடுகின்றன.

எடுக்கும் முறையும் மாறிவிட்டது. டிசிஎஸ் 2018 முதல் நாடு தழுவிய ஒரே தேர்வை நடத்தி, அதில் காட்டும் திறனைப் பொறுத்து ஒரே ஆண்டுப் பட்டதாரிகளையே மூன்று படிகளில் பிரிக்கிறது: ஆண்டுக்குச் சுமார் 3.36 லட்சம், 7 லட்சம், 9 லட்சத்துக்கு மேல். கீழ்ப்படிச் சம்பளம் பத்தாண்டுகளுக்கு மேலாக ஏறத்தாழ அதே இடத்தில் நிற்கிறது. கூட்டமும் அந்தப் படியில்தான். பட்டத்தின் பெயரைப் பார்த்து ஆயிரக்கணக்கில் அள்ளிச் சென்ற காலம் முடிந்து, “இதுவரை கையால் என்ன செய்திருக்கிறாய்?” என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்கும் காலம் வந்திருக்கிறது. 40 லட்சம் செலவழித்து வாங்கும் இன்னொரு பட்டம் இந்தக் கேள்விக்குத் தானாகவே பதிலாகிவிடாது.

அந்த 40 லட்சத்தைத் தாளில் எழுதிக் காட்டினேன். 11 சதவீத வட்டியில், பத்து ஆண்டுத் தவணையில் மாதம் சுமார் 55,100 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டி இதில் சேரவில்லை. அமெரிக்காவில் அறிவியல், தொழில்நுட்பப் படிப்பு முடித்தவர்களுக்கு, அங்கேயே வேலை பார்க்க உதவும் ஓபிடி அனுமதி முதலில் ஓராண்டு, நீட்டிப்பு இரண்டாண்டு. அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசாவுக்கு ஆண்டு உச்சவரம்பு 85,000. விண்ணப்பிப்பவர்களோ அதைவிட மிக அதிகம். சித்தப்பா போன காலத்துக் கணக்கை வைத்துச் சொல்கிறார். அவருடைய அக்கறையில் எனக்குச் சந்தேகம் இல்லை, ஆனால் தவணை கட்டப்போவது அவர் அல்ல. தந்தைக்கு ஓய்வுபெற நான்கு ஆண்டுகள்தான் இருக்கின்றன. மாதம் 55,000 ரூபாயை யார் கட்டுவது என்று கேட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் அதுவரை பேசவே இல்லை. கணினி அறிவியல் படிக்க விருப்பமா என்று கேட்டபோது, “அப்பா சரின்னா சரி” என்றார். இறுதியாண்டு புராஜெக்ட் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். கைப்பையிலிருந்து ஒரு நீலநிற நோட்டை எடுத்தார். துணை மின்நிலையத்தில் கோளாறைக் கண்டறியும் பாதுகாப்பு ரிலே எப்படி வேலை செய்கிறது என்பதைப் பக்கம் பக்கமாகப் பென்சிலில் வரைந்திருந்தார். கோளாறு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்க எந்த பிரேக்கர் முதலில் திறக்க வேண்டும், எது எத்தனை மில்லிசெகண்ட் பொறுக்க வேண்டும் என்று ஓரத்தில் குறிப்புகள் இருந்தன. சிறுவயதில் பாபநாசத்துக்குக் குளிக்கப் போகும்போதெல்லாம், 1944 முதல் ஓடிக்கொண்டிருக்கும் அந்த நீர்மின் நிலையத்தைப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பிரிவையே தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். பெற்றோர் இதை அன்றுதான் முதல்முறை கேட்டார்கள். இவரை மீண்டும் கணினி வகுப்பில் உட்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

போட்டித் தேர்வு, எம்.பி.ஏ., பயிற்சி நிலையம் என்று எல்லாருக்கும் தெரிந்த வழிகளைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. யாரும் கேட்காத ஒரு வழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்: பட்டதாரித் தொழிற்பழகுநர் பயிற்சி.

1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் ஐடிஐ படித்தவர்களுக்கு மட்டும் என்றே பலர் இன்றும் நினைக்கிறார்கள். 1973-இல் அது திருத்தப்பட்டு, பொறியியல் பட்டதாரிகளும் டிப்ளமோ முடித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் ஒவ்வொன்றும் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது 2019-இல் திருத்தப்பட்ட விதி. தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. நெய்வேலி என்எல்சி, ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ உந்துவிசை வளாகம், தமிழ்நாடு மின்வாரியம், அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் எனப் பலவும் இந்த வாரியத்தின் வழியாகப் பட்டதாரிகளை எடுத்திருக்கின்றன. போக்குவரத்துக் கழகங்கள் பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். முடித்தவர்களையும் எடுத்திருக்கின்றன என்பதைக் கலைக் கல்லூரிப் பெற்றோரும் குறித்துக்கொள்ள வேண்டும். பல இடங்களில் எழுத்துத் தேர்வு கிடையாது; பட்டப்படிப்பு மதிப்பெண்ணை வைத்துப் பட்டியல் போட்டுச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கிறார்கள்.

சேரும் முறை எளிது. நாட்ஸ் என்ற மத்திய அரசின் இணையதளத்தில் ஆதார், பட்டச் சான்றிதழ், ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்கு ஆகியவற்றோடு பதிவு செய்தால் ஒரு பதிவெண் கிடைக்கும். அந்த எண்ணோடு, விளம்பரம் செய்திருக்கும் நிறுவனங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் இல்லை, யாராவது பணம் கேட்டால் அவர் ஏமாற்றுகிறார் என்றே பொருள். தேர்வானதும் நிறுவனத்துக்கும் பழகுநருக்கும் இடையே ஒப்பந்தம் பதிவாகும். பயிற்சி பெரும்பாலும் ஓராண்டு. 2019 விதி பட்டதாரிக்கான குறைந்தபட்ச உதவித்தொகையை மாதம் 9,000 ரூபாய் என்று வைத்தது; இப்போதைய தொகையை இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. கூடுதலாகக் கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. முடிவில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் தேர்ச்சிச் சான்றிதழ் கிடைக்கும்.

இதில் ஒரு நிபந்தனையை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டம் முடித்து ஐந்து ஆண்டுக்குள் இருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு 2029 வரை நேரம் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே ஓராண்டு அல்லது அதற்கு மேல் வேலை அனுபவம் உள்ளவர் இதில் சேர முடியாது. “சும்மா இருப்பதற்கு ஏதாவது ஒரு கம்பெனிக்குப் போகட்டும்” என்று கால் சென்டருக்கு அனுப்பிவைத்து, பிறகு வருந்தி வந்த மூன்று குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். வாழ்நாளில் ஒருமுறைதான் இந்தப் பயிற்சி. அந்த ஒருமுறையைத் தவறவிடக் கூடாது.

குறைகளையும் மறைக்கக் கூடாது. பழகுநர் சட்டப்படி தொழிலாளி அல்ல. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுக்க வேண்டிய கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை, ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் மட்டுமே உண்டு. சில இடங்களில் பழகுநரை ஜெராக்ஸ் எடுக்கவும் பதிவேடு எழுதவும் வைத்துவிடுவார்கள். அதனால் சேரும் முன்பே இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எந்தெந்தப் பிரிவுகளில் எத்தனை மாதம், யாருடைய மேற்பார்வையில்? “டிரெய்னி” என்று சொல்லி, ஒப்பந்தப் பதிவெண் தராமல் வேலை வாங்கும் இடத்துக்குப் போகவே கூடாது.

நல்ல இடத்தில் அமைந்த ஓராண்டு என்ன கொடுக்கும் என்பதை அவருக்கே விளக்கினேன். மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதிசெய்யும் லைன் கிளியர் அனுமதி வாங்காமல் ஒருவரும் கம்பியைத் தொடக் கூடாது என்பதைப் புத்தகத்தில் படிப்பது வேறு. லைன் கிளியர் படிவத்தில் பொறியாளர் கையெழுத்துப் போடும்போது அருகில் நிற்பது வேறு. மெக்கர் என்ற கருவியை வைத்து மின்காப்புத் தடையை அளப்பது, மின்மாற்றி எண்ணெயை எடுத்து 2.5 மில்லிமீட்டர் இடைவெளியில் எத்தனை கிலோவோல்ட் தாங்குகிறது என்று பார்ப்பது, மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் எர்த் பிட்டின் தடையை அளந்து கோடையில் அது ஏன் ஏறுகிறது என்று புரிந்துகொள்வது, மின்நிலையத்தைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் ஸ்காடா திரையில் வரும் எச்சரிக்கைகளில் எது உண்மைக் கோளாறு என்று பிரித்தறிவது ஆகியவை எல்லாம் இடத்தில் நின்று கற்க வேண்டியவை. தினமும் அன்று செய்த சோதனை, எடுத்த அளவு, கேட்ட கேள்வி மூன்றையும் அந்த நீல நோட்டிலேயே எழுதச் சொன்னேன். ஓராண்டு கழித்து நேர்காணலில் “என்ன செய்திருக்கிறாய்?” என்று கேட்டால், அந்த நோட்டைத் திறந்து காட்டலாம்.

வேலைவாய்ப்பும் அவருடைய மாவட்டத்துக்குத் தூரமில்லை. கங்கைகொண்டான் சிப்காட்டில் டாடா பவரின் 4.3 ஜிகாவாட் சூரிய மின்கலத் தொழிற்சாலை இயங்குகிறது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள் இருக்கின்றன. தூத்துக்குடியில் வின்ஃபாஸ்ட் 2025 ஆகஸ்டில் மின்வாகன ஆலையைத் திறந்திருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் துணை மின்நிலையம் வேண்டும். அதைச் சோதிக்கத் தெரிந்தவரும் வேண்டும்.

தாய் தயங்கினார். “ஒன்பதாயிரம்னு சொன்னா சொந்தக்காரங்க சிரிப்பாங்க. அதுவும் பொம்பளப் பிள்ளை சப்-ஸ்டேஷன்ல...” என்றார். அம்மா, பாதுகாப்பு விதியைப் படித்துப் பின்பற்றும் பொறியாளருக்கு அங்கே ஆண் பெண் வேறுபாடு இல்லை. இரவுப் பணி உண்டா, கழிவறை வசதி உண்டா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள், அது உங்கள் உரிமை என்றேன். சொந்தக்காரர்களைப் பொறுத்தவரை நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஒன்பதாயிரத்தைப் பார்த்துச் சிரிப்பவர்கள் மாதம் 55,000 தவணைக்குக் கைகொடுக்க வருவார்களா என்று கேளுங்கள். வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் இடம் கிடைத்தால் ஒன்பதாயிரம் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் போதும். சென்னையில் விடுதி எடுத்தால் போதாது, மாதம் நான்கைந்தாயிரம் நீங்கள் சேர்க்க வேண்டியிருக்கும். ஆண்டுக்கு அறுபதாயிரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வீட்டுக்கு ஆபத்தில்லை. ஓராண்டுக்குப் பிறகும் மகளுக்கு மேற்படிப்பு விருப்பம் இருந்தால் அவர் தேர்ந்தெடுக்கும் துறையில், அப்போது பேசலாம்.

அடுத்த சனிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். பட்டச் சான்றிதழ், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல்கள், ஆதார், ஆதாருடன் இணைத்த கணக்கின் பாஸ்புக், அந்த நீல நோட்டு ஆகியவற்றை எடுத்துவர வேண்டும். மகளே தன் கையால் பதிவை முடிப்பார். வீட்டுப் பத்திரத்தைப் பீரோவிலேயே வைத்துவிட்டு வரும்படி தந்தையிடம் சொன்னேன். சரி என்று தலையசைத்தார்.