சோதனையில் ஓடியது, ஓவியத்தின் முன் ஏன் ஓடவில்லை?

கேள்வி: எங்கள் கலை அருங்காட்சியகத்தில், பார்வையாளர்கள் ஓவியத்தை நோக்கிப் போனைப் பிடித்து அதன்மேல் தாங்களும் வரைய ஏஆர் (கேமராக் காட்சியின்மேல் படங்களைச் சேர்த்துக் காட்டும்) வசதி செய்தோம். க்யூஆர் கோடு வழியே பிரவுசரில் திறக்கும். அலுவலகத்தில் நன்றாக ஓடியது. கூடத்தில் பாதிப் பேருக்கு ஒன்றும் வருவதில்லை. வந்தவர்களும் வரைவதில்லை.

பதில்: அந்தப் பாதிப் பேர் கையில் என்ன போன் என்று முதலில் பாருங்கள். எல்லாம் ஐபோன் என்றால் காரணம் வெளிச்சமல்ல. பிரவுசரிலேயே ஏஆர் ஓட உதவும் வெப்எக்ஸ்ஆர் என்ற வசதி ஐபோனின் சஃபாரி பிரவுசரில் இல்லை. கேமரா வீடியோவை மட்டும் வைத்து ஓவியத்தைக் கண்டறியும் மைண்ட்ஏஆர் போன்ற நிரலகத்துக்கு (ஆயத்த நிரல் தொகுப்புக்கு) மாறுங்கள்.

எல்லாப் போனிலும் தடுமாறினால் தூரத்தை அளந்து பாருங்கள். கூகுளின் ஏஆர் மென்பொருளான ஏஆர்கோர் வகுத்திருக்கும் அளவை எல்லாவற்றுக்கும் வழிகாட்டியாகக் கொள்ளலாம்: முதன்முறை அடையாளம் காண, கேமரா காட்டும் பரப்பில் 25 சதவீதத்தையாவது படம் நிரப்ப வேண்டும். 30 செ.மீ. ஓவியம் என்றால் ஏறத்தாழ அரை மீட்டருக்கு நெருங்க வேண்டியிருக்கும். தடுப்புக் கயிறு 1.5 மீட்டரில் இருந்தால், 80 செ.மீ.க்குக் குறையாத ஓவியங்களையே எடுங்கள். கயிற்றை நகர்த்தவே நகர்த்தாதீர்கள்.

காகித ஓவியங்களுக்கு 50 லக்ஸ் (வெளிச்ச அலகு) வெளிச்சம்தான் வழக்கம். அந்த மங்கலில் கேமரா படம் புள்ளி புள்ளியாகி, மென்பொருள் பற்றிக்கொள்ளும் மூலைகளும் விளிம்புகளும் கரைந்துவிடும். விளக்கைக் கூட்டினால் ஓவியத்துக்குக் கேடு. ஆகவே, மென்பொருள் அடையாளம் காண நீங்கள் கொடுக்கும் மூலப்படத்தைச் சீராக்குங்கள். அதில் ஓவியத்தின் சட்டத்தை வெட்டிவிடுங்கள். அது புடைத்து நிழல் விழுத்துவதால் பக்கவாட்டில் நின்று பார்ப்பவருக்குக் குழப்பும். படத்தின் தரத்தை மதிப்பிடும் ஏஆர்கோரின் சோதனைக் கருவியில் அந்த மூலப்படத்துக்கு 100-க்கு 75 மதிப்பெண்ணாவது வரட்டும். ஒரே வண்ணம் பரவிய ஓவியத்துக்கு அது வராது; பக்கத்தில் கோடுகள் நிறைந்த அட்டை ஒன்றை மாட்டி, மென்பொருள் அடையாளம் காணும் குறியாக அதை வையுங்கள்.

வரையாததற்குக் காரணம் பெரும்பாலும் கை. தூக்கிப் பிடித்த போனில் யாராலும் கோடு இழுக்க முடியாது. தொட்டதும் காட்சி உறையட்டும். போனைத் தாழ்த்தி வரைந்துவிட்டு மீண்டும் உயர்த்தினால் வரைந்தது ஓவியத்தில் பொருந்தட்டும். “ஏதாவது சேருங்கள்” என்று கேட்டால் கை ஓடாது. “இந்தச் சன்னலுக்கு வெளியே என்ன இருக்கும்?” என்று கேட்டால், பதிலுக்காகவே மறுபடி ஓவியத்தைப் பார்ப்பார்கள். நீங்கள் விரும்புவதும் அதைத்தானே!

வரைந்தவருக்கு அவர் படம் உடனே தெரிய வேண்டும். மற்றவர்களுக்கு ஊழியர் பார்த்து அனுமதித்த பிறகு. ஒரு நேரத்தில் நான்கைந்துக்கு மேல் காட்டினால் ஓவியம் மறைந்துபோகும். ஓவியர் உயிருடன் இருந்தால் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்குங்கள். போன் இல்லாதவருக்கு அதே கேள்வியோடு தாளும் பென்சிலும் வையுங்கள். அவற்றையும் ஸ்கேன் செய்து அன்றாடம் சேர்த்துவிடலாம்.